ஐந்தாண்டு மின் ஆய்வு: ஒரே வீட்டின் இரண்டு அறிக்கைகளை அருகருகே வைத்தபோது

என் முன்னே, நான் வாடகைக்கு விட்டிருக்கும் வீடு ஒன்றுக்கு எடுக்கப்பட்ட இரண்டு மின் ஆய்வு அறிக்கைகள் கிடக்கின்றன. ஒன்று 2021 மார்ச்சில் எடுத்தது. ஆறு பக்கம். அன்று நான் கூடவே நின்றதால் சொல்கிறேன், ஆய்வாளர் வீட்டுக்குள் இருந்தது முப்பத்தைந்து நிமிடம். கட்டணம் 95 பவுண்டு. மற்றது 2026 பிப்ரவரியில் எடுத்தது. பதினான்கு பக்கம், நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல், 240 பவுண்டு. முதலாவது வீட்டின் மின்னிணைப்பு 'திருப்திகரம்' என்றது. இரண்டாவது 'திருப்திகரமில்லை' என்றது. பணத்தை மட்டும் பார்த்தால் இரண்டாவதைக் குறை சொல்லத்தான் தோன்றும். ஆனால் இந்த மதிப்புரையை நான் எழுதுவது அந்த இரண்டாவது ஆய்வைப் பாராட்டுவதற்காக. அதைப் பாராட்ட வேண்டுமானால் முதலாவதில் என்ன நடக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டையும் செய்தவர்களின் பெயரை இங்கே குறிப்பிடப்போவதில்லை. முதலாவது ஒரு சிறு நிறுவனம், இரண்டாவது தனியாகத் தொழில் செய்யும் ஓர் ஐம்பது வயதுக்காரர் என்பது போதும்.

இங்கிலாந்தில் வீட்டை வாடகைக்கு விடுபவர்களுக்கு இந்த ஆய்வு விருப்பத்துக்குரியது அல்ல. தனியார் வாடகை வீடுகளுக்கான மின் பாதுகாப்பு விதிகள் 2020 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தன. அந்த ஆண்டு ஜூலை 1 முதல் புதிதாகத் தொடங்கிய வாடகை ஒப்பந்தங்களுக்கும், 2021 ஏப்ரல் 1 முதல் ஏற்கெனவே நடப்பிலிருந்த ஒப்பந்தங்களுக்கும் அவை பொருந்தின. தகுதி பெற்ற ஒருவரைக் கொண்டு ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் வீட்டின் நிலையான மின்னிணைப்பைச் சோதிக்க வேண்டும். அறிக்கையே அதைவிடக் குறுகிய காலத்தைக் குறிப்பிட்டால் அந்தக் காலத்துக்குள் சோதிக்க வேண்டும். அறிக்கையின் நகல் ஆய்வு நடந்த 28 நாள்களுக்குள் குடியிருப்பவர் கைக்குப் போக வேண்டும், புதிதாகக் குடிவருபவருக்கு அவர் உள்ளே வருவதற்கு முன்பே தர வேண்டும், உள்ளாட்சி மன்றம் கேட்டால் ஏழு நாள்களில் கொடுக்க வேண்டும். விதி வந்தபோதே அபராதத்தின் உச்சவரம்பு 30,000 பவுண்டாக இருந்தது. சோதனை எந்தத் தரத்தை அளவுகோலாக வைத்து நடக்கிறது என்றால், பி.எஸ். 7671 என்னும் பிரிட்டிஷ் வயரிங் நெறிகளின் பதினெட்டாம் பதிப்பை வைத்து.

அந்த 2021 ஏப்ரல் கெடுவுக்கு முந்தைய வாரங்கள் இந்தத் தொழிலில் ஒரு திருவிழாக்காலம். முகவர்கள் தொலைபேசியில் விரட்டினார்கள். நானும் கடைசி நேரத்தில் விழித்துக்கொண்டவன்தான். யார் முதலில் வருவார்கள், யார் குறைவாகக் கேட்பார்கள் என்ற இரண்டே கேள்விகளோடு ஒரு நிறுவனத்தைப் பிடித்தேன். வந்த இளைஞர் மரியாதையானவர், காலணிக்கு உறை போட்டுக்கொண்டார், தேநீர் வேண்டாம் என்றார். சில சாக்கெட்டுகளில் ஒரு கருவியைச் செருகிப் பார்த்தார், மாடிப்படிக்குக் கீழே இருந்த ஃபியூஸ் பாக்ஸைப் படம் எடுத்தார், போய்விட்டார். மறுநாள் காலையில் மின்னஞ்சலில் அறிக்கை வந்தது. அந்த வேகத்தைக் கண்டு நான் மகிழ்ந்துபோய் ஐந்து நட்சத்திரம் போட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கெடுவுக்காக அப்போது அவசர அவசரமாக எடுக்கப்பட்ட அறிக்கைகள் ஒவ்வொன்றாக இப்போது ஐந்து வயதை எட்டியிருக்கின்றன. அதனால்தான் இதை எழுத இதுவே சரியான நேரம் என்று நினைக்கிறேன்.

இம்முறை வந்தவரைப் பற்றி. அவர் நாள் குறிப்பதற்கு முன்பே நிறையக் கேட்டார்: வீட்டுக்கு என்ன வயது, எத்தனை மின்சுற்றுகள், கடைசி அறிக்கை இருக்கிறதா, மின்சாரத்தில் இயங்கும் ஷவர் உண்டா, தோட்டத்துக் கொட்டகைக்கு வயர் போயிருக்கிறதா, குடியிருப்பவர்கள் ஏதாவது குறை சொன்னார்களா. வீட்டில் உள்ள சாக்கெட்டுகள், ஸ்விட்சுகள் எல்லாவற்றையும் கழற்றிப் பார்ப்பது வழக்கமில்லை என்றும், ஒவ்வொரு சுற்றிலும் ஐந்தில் ஒன்றையாவது திறந்து பார்ப்பதாகவும், குறை தென்பட்டால் அந்தச் சுற்றில் மேலும் திறப்பதாகவும் எழுதி அனுப்பி, அதற்கு என் ஒப்புதலை வாங்கிக்கொண்டார். பரணில் சாமான்கள் அடைந்து கிடப்பதால் அங்குள்ள விளக்கின் இணைப்பைப் பார்க்க முடியாமல் போகலாம் என்பதும் அந்தக் கடிதத்திலேயே இருந்தது. அறிக்கையில் 'வரம்புகள்' என்றொரு பகுதி உண்டு. எதைப் பார்க்கவில்லை, ஏன் பார்க்கவில்லை, யாருடைய சம்மதத்தோடு பார்க்கவில்லை என்று அங்கே எழுத வேண்டும். என் பழைய அறிக்கையில் அந்த இடத்தில் 'இல்லை' என்று மட்டும் இருக்கிறது. முப்பத்தைந்து நிமிடத்தில் எட்டுச் சுற்றுகளுள்ள ஒரு வீட்டை எந்த வரம்பும் இல்லாமல் முழுமையாகச் சோதித்துவிட்டார்களாம்.

முதல் முக்கால் மணி நேரம் அவர் கருவி எதையும் எடுக்கவில்லை. கண்ணால் பார்த்துக்கொண்டே நடந்தார். சமையலறையில் ஒரு சாக்கெட்டின் முன் குனிந்தவர் என்னை அழைத்து அதன் திருகாணியைக் காட்டினார். 2019-இல் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தபோது வேலையாள் சாக்கெட்டுக்கு மேலேயே தூரிகையை இழுத்திருக்கிறார். திருகாணியின் பள்ளம் முழுக்க வெள்ளைப் பெயிண்ட், ஒரு கீறல் கூட இல்லாமல். அடுத்த சாக்கெட்டிலும் அப்படியே. கீழ்த்தளத்தில் உள்ள பதினொரு சாக்கெட்டுகளில் ஒன்றில்கூட அந்தப் பெயிண்ட் உடையவில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு முன் வந்தவர் அந்தத் தளத்தில் ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை என்பதற்கு இதைவிட எளிய சாட்சி வேண்டியதில்லை. இம்முறை வந்தவரோ அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கையிலிருந்த சிறு கத்தியால் பள்ளத்தைச் சுரண்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். மற்றொருவர் வேலையைக் குறை சொல்லித் தன்னை உயர்த்திக்கொள்ளாத இந்தக் குணம் எனக்குப் பிடித்திருந்தது.

அதன் பிறகு கேஸ் மீட்டர். கேஸ் குழாயோடு எர்த்தை இணைக்கும் பச்சை மஞ்சள் கம்பி அங்கே இருந்தது, எச்சரிக்கைப் பட்டையும் தொங்கியது, பார்ப்பதற்கு எல்லாம் சரி. அவர் விரலால் அந்தக் கவ்வியைத் தள்ளினார். அது குழாயைச் சுற்றி வளையல்போல் சுழன்றது. குழாய்க்குப் பெயிண்ட் அடித்தவரோ கேஸ் வேலைக்கு வந்தவரோ தளர்த்திவிட்டு இறுக்காமல் போயிருக்க வேண்டும். வீட்டில் எங்காவது லைவ் கம்பி கசிந்தால் குழாய்களும் சாதனங்களின் உலோக உடல்களும் ஒரே மின்னழுத்தத்தில் நிற்கச் செய்வது இந்தக் கம்பியின் வேலை. அது தொட்டும் தொடாமலும் இருந்தால் இல்லாததற்குச் சமம். இதைக் கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை, விரல் போதும்.

இனி இந்த ஆய்வின் உயிர்நாடிக்கு வருகிறேன். பிரிட்டனில் வீட்டுச் சாக்கெட்டுகள் பெரும்பாலும் ரிங் சர்க்யூட் முறையில் இணைக்கப்பட்டிருக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் செம்பைச் சிக்கனப்படுத்த வேண்டியிருந்த காலத்தில் பரவிய முறை இது. ஃபியூஸ் பாக்ஸில் புறப்படும் கம்பி சாக்கெட்டுகளை எல்லாம் சுற்றிக்கொண்டு மீண்டும் அதே இடத்துக்கே வந்து சேரும். அதனால் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் மின்சாரம் இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறது. 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பிக்கு 32 ஆம்பியர் பிரேக்கரை, அதாவது சுமை மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்சை, போடலாம் என்று நெறிகள் அனுமதிப்பதே சுமை இரண்டு வழிகளில் பிரியும் என்ற நம்பிக்கையில்தான். சுவரில் பதித்தோ ஒட்டியோ போன அந்தக் கம்பி ஒற்றையாக நின்றால் நல்ல நிலையில் தாங்குவது 27 ஆம்பியர், வெப்பக்காப்புப் பஞ்சுக்குள் போனால் அதைவிடவும் குறைவு. வளையம் எங்காவது அறுந்துவிட்டால் என்ன ஆகும்? வீட்டில் இருப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. எல்லாச் சாக்கெட்டும் வேலை செய்யும், விளக்கு மங்காது, பிரேக்கர் விழாது. ஒரு பக்கக் கம்பி மட்டும் இரண்டு பக்கச் சுமையையும் சுமந்து சுவருக்குள் சூடேறிக்கொண்டிருக்கும்.

இதைக் கண்டறிய ஒரே வழி, மின்சாரத்தை நிறுத்தி, ஃபியூஸ் பாக்ஸைத் திறந்து, வளையத்தின் இரு முனைகளையும் கழற்றி, முனைக்கு முனை மின்தடையை அளப்பது. அவர் மேல்தள வளையத்தை அளந்தார்: லைவ் 0.41 ஓம், நியூட்ரல் 0.41, எர்த் 0.69. கீழ்த்தளம்: லைவ் 0.44, எர்த் 0.73, நியூட்ரலுக்கு வந்தபோது கருவி எந்த எண்ணையும் காட்டவில்லை. முனைகளைத் துடைத்து மறுபடி வைத்தார். அப்போதும் இல்லை. "இதோ," என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு நடந்ததைப் பார்ப்பதே ஒரு பாடம். பதினொரு சாக்கெட்டில் நடுவில் உள்ளதைக் கழற்றி வளையத்தை இரண்டாகப் பிரித்தார். எந்தப் பாதியில் அறுந்திருக்கிறது என்று அளந்தார். அந்தப் பாதியை மீண்டும் பிரித்தார். மூன்றாவது முறையில் இடம் தெரிந்துவிட்டது: சமையலறையில் வாஷிங் மெஷினுக்குப் பின்னால், யாரும் எட்டிப் பார்க்காத சாக்கெட். மெஷினை இழுத்து நகர்த்தி அதைக் கழற்றியபோது முதலில் வந்தது வாடை. மீன் கெட்டதுபோல, சூடுபட்ட பிளாஸ்டிக்குக்கே உரிய வாடை. பின்பக்கத்தில் நியூட்ரல் முனையைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் தேநீர் நிறமாகி, நடுவில் கறுத்து, ஒரு மூலையில் கொப்புளம் கட்டியிருந்தது. இரண்டு நீலக் கம்பிகளில் ஒன்று திருகுக்குள் இருந்தது. மற்றது நுனி கரிந்து, உறை சுருங்கி, முனைக்கு வெளியே ஒரு விரற்கடை தள்ளி நின்றது. திருகை ஆரம்பத்திலேயே சரியாக இறுக்கியிருக்க மாட்டார்கள், தளர்ந்த இணைப்பு ஒவ்வொரு சலவையின்போதும் சூடாகிச் சூடாகி இன்னும் தளர்ந்திருக்கும் என்றார்.

அந்தப் பக்கத்தில் வாஷிங் மெஷின், அதற்கு அடுத்து ட்ரையர், கெட்டில். அவர் ஒரு துண்டுத் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார்: கெட்டிலுக்கு 13 ஆம்பியர், ட்ரையருக்கு 11, தண்ணீரைச் சூடாக்கும் நேரத்தில் மெஷினுக்கு 9, மொத்தம் 33. ஞாயிற்றுக்கிழமை காலை எந்த வீட்டிலும் இவை மூன்றும் ஒன்றாக ஓடும். 32 ஆம்பியர் பிரேக்கர் 33 ஆம்பியருக்கு விழாது. 36 வரை ஒரு மணி நேரம் தாங்கி நிற்கும்படிதான் அதன் தரமே வகுக்கப்பட்டிருக்கிறது. ஆக, பிரேக்கர் தன் கடமையைச் சரியாகச் செய்துகொண்டிருக்க, கம்பி மட்டும் தன் சக்திக்கு மேல் சுமந்துகொண்டிருந்தது. அந்த வீட்டில் ஒரு குழந்தை இருக்கிறது. சமையலறைக்கு நேர் மேலே அதன் படுக்கை.

வீட்டுக்கு வந்து பழைய அறிக்கையை எடுத்து, சோதனை முடிவுகளின் அட்டவணையை முதன்முறையாக வரிவரியாகப் படித்தேன். அதுவரை நான் பார்த்தது முதல் பக்கத்தில் இருந்த 'திருப்திகரம்' என்ற ஒரு சொல்லை மட்டுமே. இரண்டு வளையங்களுக்கும் அங்கே லைவ் 0.35, நியூட்ரல் 0.35, எர்த் 0.35 என்று எழுதியிருக்கிறது. மேல்தளத்திலும் கீழ்த்தளத்திலும் ஓடும் கம்பியின் நீளம் புள்ளி பிசகாமல் ஒன்றாக இருப்பது ஒருபுறம் இருக்கட்டும். எர்த் கம்பியின் தடிமன் 1.5 சதுர மில்லிமீட்டர், மற்ற இரண்டும் 2.5. மெல்லிய கம்பிக்குத் தடை அதிகம். எர்த்தின் அளவு லைவின் அளவைப் போல் ஏறத்தாழ 1.67 மடங்கு வர வேண்டும். 0.44-க்கு 0.73, 0.41-க்கு 0.69 என்று புதிய அறிக்கையில் அந்த விகிதம் அழகாக வந்து நிற்கிறது. மூன்றும் ஒரே எண்ணாக வருவது அந்தக் கம்பியில் நடக்கவே முடியாதது. அந்த எண்கள் அளக்கப்பட்டவை அல்ல, நாற்காலியில் உட்கார்ந்து நிரப்பப்பட்டவை. நியூட்ரல் 2021-இலேயே அறுந்திருந்தது என்று நான் குற்றம் சாட்டவில்லை. அது எப்போது விட்டுப்போனது என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் அன்று அளந்திருந்தால் ஒரு நல்ல அளவாவது பதிவில் இருந்திருக்கும்.

ஆகவே வாடகைக்கு விடுபவர்களுக்கு, ஏன், அறிக்கையின் படியைக் கையில் வாங்கும் குடியிருப்பவர்களுக்கும், நான் சொல்வது: முதல் பக்கத்தோடு நிறுத்தாமல் கடைசிப் பக்கங்களின் அட்டவணைக்குப் போங்கள். ரிங் சுற்றின் மூன்று எண்களில் எர்த்துக்குரியது பெரியதாக இருக்கிறதா என்று பாருங்கள். எர்த்துக் கம்பியின் தடிமன் வேறாக இருந்தால் விகிதம் மாறும்; அந்தத் தடிமனும் அதே வரியில் எழுதப்பட்டிருக்கும். எர்த் வளையத் தடை, அதாவது பழுது நேர்ந்தால் மின்சாரம் எர்த் வழியாகத் திரும்பும் பாதையின் தடை, என்ற பத்தியில் ஒவ்வொரு சுற்றுக்கும் எண் வேறுபடுகிறதா என்று பாருங்கள். ஃபியூஸ் பாக்ஸுக்குப் பக்கத்திலுள்ள அடுப்புச் சுற்றுக்கும் வீட்டின் மறுகோடியில் முடியும் விளக்குச் சுற்றுக்கும் அது ஒன்றாக இருக்க வழியில்லை. 32 ஆம்பியர் 'பி' வகைப் பிரேக்கருக்கு அந்த எண் 1.37 ஓமைத் தாண்டக் கூடாது. என் கீழ்த்தளச் சுற்றுக்குப் பழுது பார்த்த பின் வந்தது 0.49. காப்புத் தடைக்கு, அதாவது கம்பியின் உறை மின்சாரத்தைக் கசியவிடாமல் தடுக்கும் அளவுக்கு, மட்டும் எல்லா வரியிலும் 'இவ்வளவுக்கு மேல்' என்று ஒரே எண் இருந்தால் பதற வேண்டாம். 500 வோல்ட்டில் அளக்கும்போது நல்ல வயரிங் கருவியின் எல்லையையே தாண்டிவிடும், குறைந்தபட்சமாக வேண்டியது ஒரு மெகா ஓம்தான். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. என்ற கருவி இரண்டு இருந்து, இரண்டும் மில்லிசெக்கண்டின் பின்னம் வரை ஒரே நேரத்தில் துண்டித்ததாக எழுதியிருந்தால் அதை நான் நம்ப மாட்டேன். என் பழைய அறிக்கையில் இரண்டுக்கும் 28.4.

ஆர்.சி.டி. என்றதும் மிக்ஸி நினைவுக்கு வருகிறது. என் வீட்டில் குடியிருப்பது நம்மவர்தான். மூன்று மாதமாக அவர் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்த குறை, "அண்ணா, மிக்ஸியைப் போட்டால் சில நாள் கீழ்த்தளம் முழுக்க இருண்டுவிடுகிறது" என்பது. ஃபியூஸ் பாக்ஸ் பழசாகிவிட்டது என்பது அவருடைய முடிவு; எனக்கும் அதே பயம். ஆய்வாளர் ஆர்.சி.டி.யைப் படிப்படியாகக் கசிவை ஏற்றிச் சோதித்தார். 30 மில்லி ஆம்பியருக்கு உரிய அது 22-இல் துண்டித்தது, நல்ல ஆரோக்கியம். வீட்டில் செருகிப் பயன்படுத்தும் பொருள்கள் இந்த ஆய்வில் அடங்காது. நிலையான வயரிங், சாக்கெட், ஸ்விட்ச், விளக்கு இணைப்பு, ஃபியூஸ் பாக்ஸ், ஷவர் போலப் பொருத்தப்பட்டவை, இவை மட்டுமே அதன் எல்லை. ஆனாலும் அவர் மனமிரங்கி அந்த மிக்ஸியின் பிளக்கில் கருவியை வைத்துப் பார்த்தார். ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்ஸி, மாற்றுப் பிளக்கோடு. காப்புத் தடை 0.01 மெகா ஓம். 230 வோல்ட்டில் அது 23 மில்லி ஆம்பியர் கசிவு. 22-இல் விழும் ஆர்.சி.டி. விழாமல் என்ன செய்யும்? ஜாரிலிருந்து வழிந்த மாவுத் தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கி, ஈரமான நாளில் கசிந்து, காய்ந்த நாளில் ஒழுங்காக ஓடியிருக்கிறது. வீட்டம்மா அதை அன்றே ஓரமாக வைத்துவிட்டார், சற்று வருத்தத்தோடு. இந்தச் சோதனைக்கு ஆய்வாளர் தனிக் கட்டணம் கேட்கவில்லை.

இங்கேதான் அவருடைய நேர்மையை நான் கண்டேன். "ஃபியூஸ் பாக்ஸ் பழசு, மாற்ற வேண்டும்" என்று அவர் சொல்லியிருந்தால் நான் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டிருப்பேன். குடியிருப்பவரும் அதைத்தான் எதிர்பார்த்தார். அந்தப் பெட்டி பிளாஸ்டிக்கால் ஆனது, அதுவும் மரப்படிக்குக் கீழே. 2016 ஜனவரி முதல் வீடுகளில் புதிதாகப் பொருத்துபவை இரும்புத் தகடுபோல எரியாத பொருளால் ஆனதாக இருக்க வேண்டும். ஆனால் அதற்கு முன்பே பொருத்தப்பட்டவற்றைப் பிடுங்கி எறிய வேண்டும் என்று விதி இல்லை. அவர் அதற்கு சி3 என்ற குறியீடு கொடுத்தார். குறியீடுகளின் பொருள் தெரியாமல் பணத்தை இழப்பவர்கள் நிறையப் பேர் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: சி1 என்றால் ஆபத்து இப்போதே இருக்கிறது, ஆய்வாளர் அங்கேயே அதைத் தற்காலிகமாகவேனும் அடக்கிவிட்டுத்தான் போக வேண்டும்; சி2 என்றால் ஆபத்தாக மாறக்கூடியது; எஃப்.ஐ. என்றால் மேலும் ஆராய வேண்டியது. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அறிக்கை 'திருப்திகரமில்லை'. சி3 என்பது மேம்படுத்தினால் நல்லது என்ற பரிந்துரை மட்டுமே. எத்தனை சி3 இருந்தாலும் அறிக்கை தேறும். எந்தக் குறைக்கு எந்தக் குறியீடு என்பதில் ஐயம் வந்தால் எலக்ட்ரிக்கல் சேஃப்டி ஃபர்ஸ்ட் என்ற அறக்கட்டளை இலவசமாக வெளியிடும் நான்காம் நல்நடைமுறை வழிகாட்டியைப் பார்க்கலாம்; ஆய்வாளர் என்னிடம் காட்டியதும் அதைத்தான். என் வீட்டுக்கு வந்தவை இரண்டு சி2, அறுந்த வளையத்துக்கும் தளர்ந்த கவ்விக்கும், மூன்று சி3.

குறைகள் இல்லாத சேவை அல்ல இது. மதியம்வரை மின்சாரம் இருக்காது என்பதை எனக்குச் சொன்னவர், குடியிருப்பவரிடம் நேரடியாகச் சொல்லவில்லை, நான் சொல்லிவிடுவேன் என்று விட்டுவிட்டார். நானோ வருகையைப் பற்றி 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்ற விதியை நிறைவேற்றியதோடு இருந்துவிட்டேன். வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்க்கும் அந்தப் பெண்மணிக்கு அன்று அரைநாள் விடுப்புப் போயிற்று. அறிக்கை மூன்று நாளில் வரும் என்றார், ஒன்பதாம் நாள்தான் வந்தது. இடையில் இரண்டு முறை அழைத்தும் எடுக்கவில்லை, இரவு பத்தரைக்கு ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்தது. 28 நாள் கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த ஒன்பது நாள் சிறியதல்ல. அறிக்கையின் மொழியும் சாதாரண மனிதருக்கானது அல்ல. நேரில் அவ்வளவு தெளிவாக விளக்கத் தெரிந்தவர், எழுத்தில் அதே செய்தியை நெறிகளின் உட்பிரிவு எண்களாக அடுக்கியிருக்கிறார், என் குடித்தனக்காரர் அதைப் படித்துவிட்டு "அண்ணா, இதில் நம் வீடு எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.

சி2 வந்தால் 28 நாள்களுக்குள், அறிக்கை அதைவிடக் குறைவாகச் சொன்னால் அதற்குள், பழுதைச் சரிசெய்து எழுத்து மூலமான உறுதியைப் பெற வேண்டும். பழுதுவேலை முடிந்த 28 நாள்களுக்குள் அதைக் குடியிருப்பவருக்கும் உள்ளாட்சி மன்றத்துக்கும், குறையைச் சொன்ன அறிக்கையோடு சேர்த்து அனுப்ப வேண்டும். ஆய்வு செய்தவரிடமே பழுதுவேலையைக் கொடுக்கலாமா என்பது நியாயமான கேள்வி. குறையைக் கண்டுபிடிப்பதால் வருமானம் வரும் ஒருவருக்குக் கண் கூர்மையாகத்தான் இருக்கும். அவரே இதை எடுத்துச் சொல்லி, வேறு யாரிடமும் விலை கேட்டுக்கொள்ளுங்கள் என்று பழுதுக்கான விலையைத் தனித் தாளில் தந்தார். நான் அவரிடமே கொடுத்தேன். சாக்கெட் மாற்றி, கரிந்த கம்பியை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, இணைத்து, கவ்வியை மாற்றி, மறுபடி அளந்து, சிறுபணிச் சான்றிதழ் இரண்டைக் கொடுத்தார். மொத்தம் 130 பவுண்டு. அதே வாரம் 59 பவுண்டுக்கு ஆய்வு செய்து தருவதாக ஒரு விளம்பரம் என் கைப்பேசியில் வந்தது. தகுதியுள்ள ஒருவருடைய அரைநாள் கூலி 59 பவுண்டில் அடங்காது. மிச்சத்தை அவர் வேறெங்கோ எடுத்தாக வேண்டும், அளக்காமல் விட்ட நேரத்தில் அல்லது தேவையில்லாமல் மாற்றும் ஃபியூஸ் பாக்ஸில்.

ஆளைத் தேடுபவர்கள் என்.ஐ.சி.இ.ஐ.சி., நாபிட் போன்ற பதிவமைப்புகளின் இணையதளத்தில் பெயரைச் சரிபார்க்கலாம், அதுவும் வீட்டுக்குப் புதிதாக வயர் இழுப்பதற்கான பதிவா, ஆய்வு அறிக்கை கொடுப்பதற்கான பதிவா என்று பிரித்துப் பார்க்க வேண்டும், இரண்டும் ஒன்றல்ல. ஆனால் என் 2021 நிறுவனமும் பதிவு பெற்றதுதான். ஆகவே நான் இப்போது கேட்கும் கேள்வி வேறு: எவ்வளவு நேரம் இருப்பீர்கள், மின்சாரத்தை எவ்வளவு நேரம் நிறுத்துவீர்கள்? நிறுத்தவே தேவையில்லை என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

ஃபியூஸ் பாக்ஸின் மூடியில் இப்போது ஒரு ஒட்டுச்சீட்டு இருக்கிறது, அடுத்த ஆய்வு 2031 பிப்ரவரி என்று நீல மையில். கரிந்த சாக்கெட்டை அவர் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடமே கொடுத்துவிட்டார். மேசையின் இழுப்பறையைத் திறக்கும்போது இன்னும் அந்த வாடை லேசாக வருகிறது. அவருடைய நாட்குறிப்பு ஆறு வாரத்துக்கு நிறைந்திருந்தது என்பதால், 2030 நவம்பரிலேயே அழைக்க வேண்டும் என்று கைப்பேசியில் குறித்து வைத்திருக்கிறேன். குடியிருப்பவரிடம் மின்தடையைப் பற்றி நானே ஒரு வாரம் முன்னால் சொல்ல வேண்டும் என்பதும் அதே குறிப்பில் இருக்கிறது.